பாலுக்கு மெம்பர் உண்டு, ஆஸ்பத்திரிக்கு?

(இந்த எபிசோடில் பேசியதை, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் நீக்கி, எழுத்து வடிவில் தந்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை மாதவரத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். நான் வளர்ந்த ஊர். இப்போ மாதவரம்னா நிறைய பேருக்கு ஞாபகம் வர்றது ரவுண்டானாவும், 2018-ல திறந்த பஸ் நிலையமும்தான். அதுக்கு ரொம்ப முன்னாடியே இந்த ஊருக்கு ஒரு அடையாளம் இருந்தது: பால். சென்னைக்குள்ள சந்து சந்தா கட்டியிருந்த மாடுகளை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் வைக்கணும்னு போட்ட திட்டத்துல உருவானதுதான் மாதவரம் பால் பண்ணை. கொழும்புத் திட்டத்தின் கீழ், நியூசிலாந்து அரசோட உதவியில, 1960-களின் தொடக்கத்துல இங்கே பால் பதப்படுத்தும் நிலையம் வந்தது. இப்போ அது ஆவின்.

ஆவின்னா நமக்கு நீலம், பச்சை, ஆரஞ்சு பாக்கெட். ஆனா அந்த பாக்கெட்டுக்குப் பின்னாடி இருக்கிற அமைப்பு சுவாரசியமானது. கிராமத்துல ரெண்டு மாடு வச்சிருக்கிற ஒரு அம்மா பால் சங்கத்துல உறுப்பினர். சின்னதா ஒரு பங்குத் தொகை கட்டியிருப்பாங்க. சங்கத் தேர்தல்ல ஓட்டு உண்டு, பொதுக்குழுவுல உட்கார உரிமை உண்டு. கிராமத்துச் சங்கங்கள் சேர்ந்து மாவட்ட ஒன்றியம், ஒன்றியங்கள் சேர்ந்து மாநில இணையம். சங்கத் தேர்தல் எல்லா இடத்துலயும் ஒழுங்கா நடக்குதாங்கிறது வேற கதை. ஆனா "என் பால்ல கொழுப்பு ஏன் கம்மியா காட்டுது?"ன்னு எழுந்து நின்னு கேட்க அந்த அம்மாவுக்கு ஒரு இடம் இருக்கு.

என் பெரியம்மா அப்படி ஒரு உறுப்பினரா இருந்தவங்க. பொன்னேரிப் பக்கம் கிராமம். பிள்ளைகள் வேலைக்கு வந்ததும் மாட்டை வித்துட்டு மாதவரத்துக்கு வந்துட்டாங்க. வந்த கொஞ்ச வருஷத்துல சர்க்கரை. வட சென்னையில ஒரு ஆஸ்பத்திரியில மாத்திரை வாங்கிட்டு இருந்தாங்க. பேர் வேண்டாம். ஒரு மாசத்துக்குக் கொடுத்துட்டு இருந்த மாத்திரையை திடீர்னு பத்து நாளைக்கு மட்டும் கொடுக்க ஆரம்பிச்சாங்க. பத்து நாளைக்கு ஒரு தடவை போய் வரிசையில நின்னா, ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு. பெரியம்மா ரெண்டு தடவை போகலை. அந்த இடைவெளியில கால் விரல்ல புண் வந்தது. கடைசியில ஒரு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

நான் கோபமா கேட்டேன்: "ஏன் பெரியம்மா, பத்து நாள் மாத்திரை எனக்குச் சரிப்படாதுன்னு அங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" அவங்க சொன்னது இதுதான்: "நான் என்ன அந்த ஆஸ்பத்திரில மெம்பரா, எழுந்து கேக்குறதுக்கு?"

ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கு மெம்பரா இருக்க முடியுமா? உலகத்துல எங்கேயாவது இருந்திருக்காங்களா? அதைத் தேடிப் போனதுல கிடைச்சதுதான் இன்னைக்கு எபிசோட்.

கஞ்சித் தொட்டி

முதல்ல நம்ம பக்கத்துல இருந்தே தொடங்குவோம். வட சென்னையில வயசானவங்க ஸ்டான்லி ஆஸ்பத்திரியை "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி"ன்னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. கிண்டல் பேர் இல்ல, அது ஒரு பஞ்சத்தோட ஞாபகம்.

1780-ல் ஹைதர் அலியின் படைகள் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கின. போரும் பஞ்சமும் சேர்ந்து மக்களை ஊர் ஊராக விரட்டின. கூட்டம் கூட்டமாக சென்னைக்கு வந்தார்கள். 1782-ல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக ஒரு சத்திரம் அமைந்தது. மணியக்காரர் சத்திரம் என்ற பெயர் ஆங்கிலேயர் வாயில் "மோனிகர்" சத்திரம் ஆனது. பசியோடு வந்தவர்களில் பாதிப் பேர் நோயோடும் வந்தார்கள். 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற உதவி அறுவை மருத்துவர் அந்தச் சத்திரத்தை ஒட்டி உள்ளூர் மக்களுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1929 முதல் 1934 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கி, 1938-ல் மருத்துவக் கல்லூரியாகவும் ஆனது.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. நம்ம பக்கத்து ஆஸ்பத்திரியோட வேர், பசிச்சவனுக்கு ஊத்தின கஞ்சியில இருக்கு. யார் வேணா வரலாம், காசு கேட்க மாட்டாங்க. அது பெரிய விஷயம். இன்னைக்கு வரைக்கும் வட சென்னை அதை நம்பித்தான் வாழுது. ஆனா கஞ்சிக்கு நிக்கிறவன் "உப்பு கம்மியா இருக்கு"ன்னு சொல்ல முடியுமா? சொல்ல மாட்டான். பெரியம்மா சொல்லாததும் அதனாலதான்.

அதே ராயபுரத்தில் 1880-ல் இன்னொரு மருத்துவமனை வந்தது. சவலை ராமசாமி முதலியார் என்ற செல்வந்தரின் கொடையில் உருவான பிரசவ ஆஸ்பத்திரி. நாம் ஆர்.எஸ்.ஆர்.எம். என்று சொல்வது அவருடைய பெயரின் சுருக்கத்தைத்தான். எத்தனையோ தலைமுறைகள் அங்கே பிறந்திருக்கின்றன. அங்கே கொடுத்தவர் பெயர் வாசலில் இருக்கிறது. பெற்றவர்கள் பெயர் பிரசவப் பதிவேட்டில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஒரு மருத்துவமனையோடு மனிதருக்கு இருந்த உறவு பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்: ஒன்று கொடுக்கிறவர், இல்லையென்றால் வாங்குகிறவர்.

மூணாவதா ஒரு உறவு இருக்க முடியும்னு காட்டினவங்க, நமக்கு ரொம்பத் தூரத்துல இருந்த சுரங்கத் தொழிலாளிகள்.

டிரெடிகர்

பிரிட்டனின் தெற்கு வேல்ஸ் பகுதியில் டிரெடிகர் என்று ஒரு சின்ன ஊர். நிலக்கரியும் இரும்பும்தான் வாழ்க்கை. நம்ம எண்ணூர், மணலி மாதிரி புகையும் சைரனும் உள்ள ஊர்னு வச்சுக்கோங்க. சுரங்கம் இடிந்தால் சாவு, இடியாவிட்டால் நுரையீரலில் தூசி. அங்கே 1890-ல் தொழிலாளர்கள் ஒரு மருத்துவ உதவிச் சங்கம் அமைத்தார்கள். வாரக் கூலியில் ஒரு பவுனுக்கு இத்தனை பென்னி என்று பிடித்தம். அந்தப் பணத்தில் டாக்டர்களை அவர்களே சம்பளத்துக்கு வைத்தார்கள். 1904-ல் சொந்தமாக ஒரு சிறு மருத்துவமனையும் திறந்தார்கள். கணக்கு பார்ப்பது, டாக்டரைத் தேர்ந்தெடுப்பது எல்லாமே தொழிலாளர் கமிட்டி.

ஒரு நிமிஷம் இதை யோசிச்சுப் பாருங்க. காலையில சுரங்கத்துக்குள்ள இறங்கினவர், சாயங்காலம் குளிச்சுட்டு வந்து, "நம்ம ஆஸ்பத்திரிக்கு இந்த மாசம் என்ன வாங்கணும்?"னு மேசையில உட்கார்ந்து பேசறார். அவர் நோயாளியும்தான், முதலாளியும்தான்.

சண்டை இல்லாமல் இல்லை. டாக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை. கரி பிடித்த கைகள் தங்களுக்கு உத்தரவு போடுவதா என்ற கடுப்பு. 1920-களின் தொடக்கத்தில் அந்த ஊரில் வேலை பார்த்த டாக்டர் ஏ.ஜே. குரோனின், பின்னாளில் 1937-ல் "தி சிட்டாடல்" என்ற நாவலை எழுதினார். அந்த ஊர் அனுபவம் அதில் நிறைய இருக்கிறது. சங்கத்தைப் பாராட்டி மட்டும் எழுதிய புத்தகமில்லை அது.

அந்த மருத்துவமனைக் கமிட்டியில் ஓர் இளைஞர் இருந்தார். 13 வயதில் சுரங்க வேலைக்குப் போனவர். பெயர் அனுரின் பெவன். 1945-ல் அவர் பிரிட்டனின் சுகாதார அமைச்சரானார். 1948 ஜூலை 5-ல் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கி வைத்தார். எங்கள் ஊரில் நடந்ததை நாடு முழுக்கச் செய்கிறோம் என்பதுதான் அவருடைய எண்ணம்.

பாதி அப்படித்தான் நடந்தது. டிரெடிகரில் சந்தா கட்டினவருக்கும் அவர் குடும்பத்துக்கும்தான் சிகிச்சை. 1948-க்குப் பிறகு எல்லோருக்கும் சிகிச்சை, மெம்பரா இல்லையா என்ற கேள்வியே இல்லை. ஆனால் மருத்துவமனைகள் அரசின் கைக்குப் போனதும், அந்தத் தொழிலாளர் கமிட்டியின் மேசையும் போனது. எல்லோரும் உள்ளே வந்தார்கள், உள்ளே வந்தவர்களுக்கு ஓட்டு இல்லை.

இதை ஞாபகம் வச்சுக்கோங்க. இந்தக் கதையில இந்தச் சிக்கல் திரும்பத் திரும்ப வரும். கதவு எல்லாருக்கும் திறந்திருக்கணும். வந்தவங்களுக்குக் கேள்வி கேட்கவும் ஒரு இடம் இருக்கணும். இந்த ரெண்டும் ஒரே இடத்துல சேர்ந்து கிடைச்சது ரொம்ப அபூர்வம்.

சம்பளச் சீட்டுல ஒரு வரி

அதே 1948-ல் இந்தியாவிலும் ஒரு சட்டம் வந்தது: தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம். நம்ம வாயில் இ.எஸ்.ஐ. பேராசிரியர் பி.பி. அதார்க்கர் 1944-ல் கொடுத்த அறிக்கைதான் அடித்தளம். 1952 பிப்ரவரி 24-ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது.

திருவொற்றியூர், எண்ணூர், மணலி கம்பெனிகள்ல வேலை பார்த்த குடும்பங்களுக்கு இ.எஸ்.ஐ. பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகாத தொழிலாளி வீடு இங்கே கம்மி. இதைக் கேட்கிற உங்கள்ல பலரோட சம்பளச் சீட்டுலயும் அந்த வரி இருக்கும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவங்களுக்கு, 2019 ஜூலையில இருந்து 0.75 சதவீதம் நம்ம பங்கு, 3.25 சதவீதம் கம்பெனி பங்கு.

பணம் போடுவதில் இது டிரெடிகர் மாதிரியே. நிர்வாகத்தில் அப்படி இல்லை. தொழிலாளர் தரப்புக்குச் சட்டப்படி 10 இடங்கள் இருந்தன. ஆனால் அந்த இடங்கள் தேசிய அளவிலான கழகத்தில். தொழிற்சங்கங்களைக் கலந்து மத்திய அரசு நியமிப்பவர்கள் அங்கே உட்கார்வார்கள். இது சாதாரண விஷயம் இல்லை. 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்து சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, முதலாளிக்கு எதிரே உட்கார்ந்து பேசுவதே பெரிய கனவு. முப்பது வருடத்தில் சட்டத்திலேயே இடம் கிடைத்தது.

ஆனா மணலியில டோக்கன் எடுத்துட்டு உட்கார்ந்திருக்கிற தொழிலாளிக்கும் டெல்லியில அந்த இருக்கைக்கும் நடுவுல ரொம்பத் தூரம். மாசா மாசம் பணம் கட்டறார், ஆனா "இது என் ஆஸ்பத்திரி"ன்னு அவர் நினைக்கிறதில்ல. பணம் கட்டினா மட்டும் மெம்பர் ஆகிட முடியாதுன்னு இ.எஸ்.ஐ. வரிசையில நின்னவங்களுக்குத் தெரியும்.

மூளாயும் தரமணியும்

தமிழர்கள் யாரும் முயற்சி பண்ணலையான்னு கேட்டா, பண்ணியிருக்காங்க. யாழ்ப்பாணத்தில் மூளாய் என்றொரு கிராமம். 1930-களில் அங்கே மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையைத் தொடங்கினார்கள். அவங்க ஊர்ல ஆஸ்பத்திரிக்கு வைத்தியசாலைன்னுதான் பேர். இலங்கையின் முன்னோடிக் கூட்டுறவு மருத்துவமனை அது. கடனுக்கும் வெங்காயத்துக்கும் சங்கம் வைத்துப் பழகிய ஊர்கள், நோய்க்கும் சங்கம் வைத்துப் பார்த்தன. நம்ம பால் சங்கத்தின் அதே அறிவு.

சென்னையில் 1958-ல் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி ஒரு அமைப்பைத் தொடங்கினார். வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ், சுருக்கமாக வி.எச்.எஸ். ஓ.எம்.ஆர். பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் தரமணியில் தினமும் அதைத் தாண்டித்தான் போவீங்க. சஞ்சீவி பார்த்தது இதுதான்: அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம், ஆனால் கூட்டம் தாங்காது. தனியார் டாக்டரிடம் போனால் காசு தாங்காது. நடுவில் இருக்கிற குடும்பம் நோய் வந்ததும் நகையை அடகு வைக்கிறது. நோய் வருவதற்கு முன்பே, தன் வருமானத்துக்குத் தகுந்த மாதிரி ஒரு சிறு தொகையைக் குடும்பம் கட்டி வைத்தால்?

அதுதான் அவருடைய மருத்துவ உதவித் திட்டம். தனி ஆள் கணக்கில்லை, குடும்பம் முழுக்க ஒரே உறுப்பினர் அட்டையில் சேரும். சந்தா வருமானத்தைப் பொறுத்தது: ஏழைக்குக் குறைவு, வசதி உள்ளவருக்கு அதிகம். இந்தியாவில் மெடிக்ளெய்ம் பாலிசி வந்ததே 1986-ல்தான். அதற்கு இருபது வருடத்துக்கும் முன்னாடியே ஒரு மருத்துவமனை இதை யோசித்திருக்கிறது. கூடவே, ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களில் சிறு சுகாதார மையங்களையும் வி.எச்.எஸ். நடத்திப் பார்த்தது. அங்கேயும் குடும்பங்கள் சிறு சந்தா கட்டின.

ஆனா இந்த மாதிரித் திட்டம் எல்லாத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. நல்லா இருக்கும்போது யாரும் ஆஸ்பத்திரிக்குச் சந்தா கட்ட மாட்டோம். உங்க ஜிம் மெம்பர்ஷிப்பையே நினைச்சுப் பாருங்க, அதுக்கு நேர் எதிர்: ஜிம்முக்குப் பணம் கட்டிட்டுப் போக மாட்டோம், இங்கே போக வேண்டிய அன்னைக்குத்தான் பணம் கட்ட வருவோம். நோய் வந்த பிறகு சேர்றவங்களை மட்டும் வச்சு எந்தச் சங்கமும் ஓடாது, நன்கொடையும் மானியமும் தேவைப்படும். அப்போ கொடுக்கிறவர் குரல் மறுபடியும் பெருசாகிடும். டிரெடிகர் தாக்குப்பிடிச்சதுக்குக் காரணம், அங்கே நல்லா இருக்கிறவனும் வாரா வாரம் கட்டினான். ஏன்னா அடுத்த வாரம் சுரங்கம் யார் தலையில விழும்னு யாருக்கும் தெரியாது.

குசும் பாய்

இந்தியாவில் அப்படி ஒரு இடம் இருந்தது. இருக்கிறது. சத்தீஸ்கரில் தல்லி ராஜ்ஹரா. பிலாய் எஃகு ஆலைக்கு இரும்புத் தாது தோண்டும் ஊர். ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1977-ல் சங்கர் குஹா நியோகியின் தலைமையில் தனிச் சங்கம் அமைத்தார்கள். அந்த வருடம் ஜூன் 2, 3 தேதிகளில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் இறந்தார்கள்.

சங்கத்தின் துணைத் தலைவர் குசும் பாய் என்ற பெண் தொழிலாளி. பிரசவத்துக்குப் போன இடத்தில் சரியான கவனிப்பு கிடைக்காமல் இறந்துபோனார். தொழிலாளர்கள் கோபத்தில் திரண்டார்கள். அந்தக் கூட்டம் எதையும் உடைக்கவில்லை. நமக்கென்று ஒரு ஆஸ்பத்திரி கட்டுவோம் என்று முடிவெடுத்தது.

சங்கத்தில் சேர்த்த பணம், அவர்களே போட்ட கூலியில்லா உழைப்பு. பினாயக் சென் உட்பட சில இளம் டாக்டர்கள் வந்து சேர்ந்தார்கள். முதலில் சிறிய மருந்தகம். பிறகு 1983 ஜூன் 3-ல், துப்பாக்கிச் சூட்டின் ஆறாம் ஆண்டு நினைவு நாளில், ஷஹீத் மருத்துவமனை திறந்தது. ஷஹீத் என்றால் தியாகி. திறந்து வைக்க எந்த அமைச்சரும் வரவில்லை, தொழிலாளர்களும் விவசாயிகளும்தான் திறந்தார்கள்.

தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பயிற்சி பெற்று சுகாதாரப் பணியாளர்களானார்கள். டாக்டர்களும் தொழிலாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். அதனால் மருத்துவமனையின் வேலையே மாறியது. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் வந்தால் உப்பு–சர்க்கரைக் கரைசல் கொடுத்து அனுப்புவதோடு நிற்கவில்லை. தண்ணீர் ஏன் கெட்டது என்று கேட்டு, நல்ல குடிநீருக்காகச் சங்கம் போராடியது. சாராயத்துக்கு எதிராகவும் போராடியது. நோயாளி மெம்பராக இருந்தால் மருத்துவமனை எதைக் கவனிக்கும் என்பதே மாறிப்போகும் என்று காட்டிய இடம் அது. 1991 செப்டம்பர் 28-ல் நியோகி சுட்டுக் கொல்லப்பட்டார். மருத்துவமனை நிற்கவில்லை.

இதோட எல்லையையும் சொல்லணும். இப்படி ஒரு ஆஸ்பத்திரி எழும்ப பின்னாடி ஒரு பலமான சங்கம் வேணும். பதினொரு பேர் சாவும் குசும் பாயோட சாவும் அந்தச் சங்கத்தை இறுக்கிக் கட்டியிருந்தது. மாதவரத்துல ஸ்விக்கி ஓட்டுற தம்பிக்கும், குடோன்ல காண்ட்ராக்ட் வேலை பார்க்கிற அக்காவுக்கும் அப்படி ஒரு சங்கம் எங்கே இருக்கு?

ஓட்டு திரும்ப வந்தது, ஆனால்

மறுபடி பிரிட்டனுக்குப் போவோம். 1948-ல் விட்டுப்போன அந்தக் கமிட்டி மேசையை 2003-ல் ஒரு சட்டம் திருப்பிக் கொண்டுவரப் பார்த்தது. 2004-ல் இருந்து சில மருத்துவமனைகள் "ஃபவுண்டேஷன் டிரஸ்ட்" என்ற புது வடிவத்துக்கு மாறின. அந்தப் பகுதியில் வசிப்பவர், நோயாளி, ஊழியர், யார் வேண்டுமானாலும் உறுப்பினராகலாம். சந்தா கிடையாது. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு ஆளுநர் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் பாதிக்கு மேல் பொதுமக்களும் நோயாளிகளும் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். மருத்துவமனையின் தலைவரை நியமிப்பதும், தேவைப்பட்டால் நீக்குவதும் அந்தக் குழுதான்.

கேட்க அருமையா இருக்குல்ல? எல்லாருக்கும் சிகிச்சை, கூடவே ஓட்டு. பெவன் விட்டதைப் பிடிச்சாச்சு.

ஆனால் 2008 பிப்ரவரியில் மிட் ஸ்டாஃபர்ட்ஷையர் மருத்துவமனை அந்த அந்தஸ்தைப் பெற்றபோது, அதன் வார்டுகளில் நோயாளிகள் கைக்கெட்டாத தூரத்தில் தண்ணீர் வைக்கப்பட்டு, அழுக்குப் படுக்கையில் கிடந்தார்கள். செலவைக் குறைத்து அந்த அந்தஸ்தை வாங்க வேண்டும் என்ற அவசரம்கூட அந்தச் சீரழிவுக்கு ஒரு காரணமாக இருந்தது. அதை வெளியே கொண்டுவந்தது உறுப்பினர் பட்டியலோ ஆளுநர் குழுவோ இல்லை. இறந்தவர்களின் உறவினர்கள் ஒரு சின்ன கஃபேயில் கூடி, சுவரில் புகைப்படங்களை ஒட்டி, பிடிவாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். விசாரணை நடந்து, 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது.

பட்டியல்ல பேர் இருந்தா மட்டும் போதாது. கூட்டத்துக்கு வரணும், கணக்கைப் பார்க்கணும், வார்டுக்குள்ள போய்ப் பார்க்கணும். அந்தக் கஃபேல உட்கார்ந்தவங்கதான் நிஜமான மெம்பர்ஸ்.

நம்ம ஊருக்கு வருவோம்

இப்போ பெரியம்மா கேட்டதுக்கு வர்றேன். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகள்ல மெம்பர்னு ஒண்ணு இருக்கா?

ஓரளவு இருக்கு. நிறைய பேருக்குத் தெரியாது. கதை இந்தூரில் தொடங்குகிறது. 1994-ல் சூரத்தில் பிளேக் பயம் கிளம்பியபோது, இந்தூரின் மகாராஜா யஷ்வந்த்ராவ் மருத்துவமனை எலிகள் ஓடும் நிலையில் இருந்தது. மாவட்ட நிர்வாகமும் பொதுமக்களும் சேர்ந்து அதைச் சுத்தப்படுத்தினார்கள். அந்த அனுபவத்திலிருந்து "ரோகி கல்யாண் சமிதி" என்ற அமைப்பு பிறந்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பதிவு பெற்ற சங்கம், அதற்கென்று கொஞ்சம் நிதி. 2005-ல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் வந்தபோது அது நாடு முழுவதும் பரவியது. நம்ம ஊர்ல அதுக்குப் பேர் நோயாளர் நலச் சங்கம்.

பேரைக் கேட்டா நோயாளிகளோட சங்கம் மாதிரி இருக்கு. ஆனா அதுல இருக்கிறவங்க பெரும்பாலும் பதவி வழியா வர்றவங்க: அதிகாரிகள், டாக்டர்கள், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், நன்கொடை கொடுத்த சிலர். நோயாளிகள் ஓட்டுப் போட்டு யாரையும் அனுப்பறதில்ல. கஞ்சித் தொட்டி காலத்து ரெண்டு வரிசையும் அப்படியே இருக்கு, கொடுக்கிறவர் மேசையில, வாங்கறவர் பெஞ்சுல.

இருந்தாலும் ஒரு மேசை போட்டிருக்காங்கங்கிறதே பெருசு. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிறது நம்ம வேலை. அதுக்கு ஒரு சட்டம் கையில இருக்கு. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லுது: ஒரு அரசு அமைப்புல என்னென்ன குழுக்கள் இருக்கு, அதுல யார் யார் இருக்காங்க, கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்ததா, கூட்டக் குறிப்பை மக்கள் பார்க்க முடியுமா, இதையெல்லாம் யாரும் கேட்காமலே வெளியிடணும். வெளியிடலைன்னா பத்து ரூபாய் கட்டணத்தோட ஒரு மனு போதும்.

அதனால உங்க ஏரியா ஆஸ்பத்திரிக்கு அடுத்த தடவை போகும்போது மூணு கேள்வி கேளுங்க. இங்கே நோயாளர் நலச் சங்கத்துல யாரெல்லாம் இருக்காங்க? கடைசியா எப்போ கூடினாங்க? போன வருஷம் நிதியை எதுக்குச் செலவு பண்ணாங்க? சண்டையா கேட்க வேண்டாம். அங்கே வேலை பார்க்கிற நர்ஸ் அக்காவும் நம்மளை மாதிரி அழுத்தத்துலதான் இருக்காங்க. பால் சங்கத்துல கொழுப்பு ரீடிங் கேட்கிற மாதிரி, சாதாரணமா கேளுங்க.

ஒண்ணு மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மெம்பர்ஷிப்னு சொல்லிக் காசு கேட்டா அது கதவை மூடற வேலை. 1782-ல பசியோட வந்தவனை "நீ யாரு, சந்தா கட்டினியா?"ன்னு யாரும் கேட்கலை. அந்தக் கதவு அப்படியே திறந்திருக்கட்டும். உள்ளே வந்தவருக்குப் பேச ஒரு நாற்காலி போடுங்கன்னுதான் கேட்கிறோம்.

பெரியம்மாவுக்கு இந்தக் கதையை எல்லாம் சொன்னேன். டிரெடிகர் அவங்களுக்குப் பெருசா தோணலை. குசும் பாய் பத்திச் சொன்னப்போ ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "எங்க பால் சங்கத்துலயும் முதல்ல யாரும் வாய் திறக்க மாட்டோம். ஒருத்தி எழுந்து கேட்டா. அதுக்கப்புறம் எல்லாரும் கேட்டோம்"னாங்க.

"அந்த ஒருத்தி யாரு பெரியம்மா?"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க, பதில் சொல்லலை.

போன வாரம் மாத்திரை வாங்கப் போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. கவுன்ட்டர்ல அவங்களே கேட்டாங்க, "நடக்க முடியலம்மா, ஒரு மாசத்துக்குத் தர முடியுமா? முடியாதுன்னா யாரைப் பார்த்துக் கேக்கணும்?" அந்தப் பொண்ணு ஒரு அறை நம்பரைச் சொன்னாங்க. நாங்க போனோம். பூட்டியிருந்தது. வெளியில இருந்த பெஞ்சுல பெரியம்மா உட்கார்ந்துட்டாங்க. "வருவாங்க, இருப்போம்"னாங்க.